படைப்புப் பாடத்துக்குப் பச்சைக்கிளி வாங்கலாமா?

கேள்வி: தக்கலை பக்கம் ஒரு சபையில் ஞாயிறு பள்ளி ஆசிரியை நான். ஜனவரியில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஐந்தாம் நாள் படைப்பு, பறவைகள் பாடம். உயிருள்ள பறவையைக் காட்ட ஆசை. ஒருவர் கூண்டோடு பச்சைக்கிளி தருகிறார். ‘வீட்டில் பொரித்தது, பயம் வேண்டாம்’ என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் டீச்சர். பச்சைக்கிளி நம் நாட்டுக் காட்டுப் பறவை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் கூண்டில் வைப்பதும் குற்றம். ‘வீட்டில் பொரித்தது’ என்பது கிளி வியாபாரிகள் எல்லோரும் பாடும் பாட்டு. பெரும்பாலும் மண்டை போன தென்னையின் பொந்துக்குள் கைவிட்டு எடுத்த குஞ்சாகத்தான் இருக்கும். ஒரு பில் கேட்டுப் பாருங்கள், ஆள் நழுவிவிடுவார். பிடிபடும்போது கூண்டு உங்கள் கையில் இருக்கும், அவர் இருக்க மாட்டார். சாயம் பூசி விற்கும் ‘கலர் குருவி’யும் இதே கதை, கழுவினால் நம் வயல் சில்லை.

லவ் பேர்ட்ஸ் மட்டும் வேறு. நம் ஊரில் அந்தப் பெயரில் விற்பது அநேகமாக ஆஸ்திரேலியச் சிறுகிளி. கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது, மேலே சொன்ன தடை அதற்கு இல்லை. ஆனால் வியாபாரி ‘இதுவும் லவ் பேர்ட்ஸ் வகைதான்’ என்று பச்சைக்கிளிக் குஞ்சைத் தள்ளிவிடுவார். வாலைப் பார்க்காதீர்கள், இரண்டுக்கும் நீளம்தான். அலகைப் பாருங்கள். சிவப்பாக, தடித்து இருந்தால் நம்ம ஊர்க் கிளி.

சரி, பாடத்துக்கு வருவோம். எரேமியா 8:7-ஐ எடுங்கள். தன் காலத்தை அறிந்து வரும் பறவைகளில் தகைவிலான் குருவியும் அங்கே உண்டு. அந்தக் குருவி ஜனவரியில் உங்கள் வயலோரக் கரண்டு கம்பியிலேயே உட்கார்ந்திருக்கும். செம்மண் நிறத் தொண்டை, கவட்டை போலப் பிளந்த வால். கம்பியை விட்டுப் பாய்ந்து, பறக்கிற பூச்சியைப் பறந்தபடியே பிடிக்கும். வடக்கே குளிர் நாடுகளில் பொரித்து, இங்கே வந்து பனிக்காலம் கழிக்கிற பறவை. வழி சொல்லிக் கொடுத்தது யார் என்று கேளுங்கள், பிள்ளைகளே பதில் சொல்லும்.

பாடத்திட்டம் போடுகிறவர்களுக்குத்தான் இது உறைக்கவில்லை. பறவைப் பாடத்தைக் கொண்டுபோய் மே மாத வி.பி.எஸ்.-ஸில், அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளியில், வைக்கிறார்கள். வலசை வந்ததெல்லாம் அதற்குள் கிளம்பிப் போயிருக்கும். படப் புத்தகத்திலோ ஐரோப்பாவின் ராபின்! விற்கிறவருக்குக் கமிஷன், நமக்கு வெறும் அட்டை. உங்களுக்கு நல்லவேளை, ஜனவரி.

ஒரு பையன் எப்படியும் வௌவாலைப் பற்றிக் கேட்பான். லேவியராகமம் 11-இல் அது பறவை வரிசையில் வருகிறது. பறப்பதையெல்லாம் சேர்த்து எண்ணிய பழைய வழக்கம் அது, வௌவால் குட்டிக்குப் பால் கொடுக்கும் என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

முடிந்தால் ஒரு சனிக்கிழமை காலை தேரூர் குளத்துக்கு வேன் பிடியுங்கள். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த நீர்நிலை அது. ஆறரைக்குள் போய்விட்டால் தாமரை இலைமேல் நீண்ட விரல் பரப்பி நடக்கும் இலைக்கோழியைப் பார்க்க வாய்ப்புண்டு. பத்துப் பிள்ளைகளுக்கு மேல் கூட்டிப் போக வேண்டாம். முறுக்குப் பாக்கெட்டை வேனிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள்.