பழைய ஜப்பானியக் கறுப்பு அரக்குப் பெட்டி: அவர்களே புழங்கியதா, வெள்ளைக்காரர்களுக்காகச் செய்ததா? எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டவர் நீளமான கறுப்புப் பெட்டி, மூடியில் தங்க நிறத்தில் மலையும் மரமும் என்று எழுதியிருக்கிறார். தங்க வேலையை விடுங்கள், முதலில் மூடியைப் பாருங்கள். கீலும் பூட்டும் இருந்தால் அநேகமாக ஏற்றுமதிச் சரக்கு. ஜப்பானியர் புழங்கிய பெட்டிகளில் மூடியைத் தனியாகத் தூக்கி எடுப்பதுதான் வழக்கம். பக்கவாட்டில் பட்டுக்கயிறு கட்ட வளையம் இருந்தால் அது கடிதப் பெட்டி, உள்ளூர்ப் புழக்கத்துக்கானது.

என்னிடமும் ஒன்று இருக்கிறது. லண்டனில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கினேன். பென்சில் பெட்டி என்று நினைத்திருந்தேன். விற்ற பாட்டி சிரித்துவிட்டு, "அது கையுறை வைக்க" என்றார். சீமாட்டிகளின் கையுறைக்காக ஜப்பானில் செய்த பெட்டி!

இப்படி ஜப்பானிய வீடுகளுக்குத் தேவைப்படாத வடிவங்களை வெள்ளைக்காரர்களுக்குச் செய்துகொடுத்த கதை 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே தொடங்கிவிட்டது. போர்த்துக்கீசியர் கேட்டது வளைந்த மூடிப் பெட்டகமும், வேதபுத்தகம் வைக்கும் மடக்குப் பீடமும். அவர்கள் குஜராத்துச் சிப்பி வேலையைப் பார்த்துப் பழகியவர்கள், அதனால் இவற்றிலும் இடைவெளியில்லாமல் சிப்பி. 1639இல் அவர்களை வெளியேற்றினார்கள். 1641 முதல் நாகசாகியின் தேஜிமா தீவில் டச்சுக்காரர்கள் மட்டும். அந்தக் காலகட்டத்தில் ரசனையும் மாறியது: வெறும் கறுப்பு, அதில் தங்கத்தில் இயற்கைக் காட்சி. 1640 வாக்கில் அப்படிச் செய்த, 'மாசரன் பெட்டகம்' என்று பெயர்பெற்ற ஒன்று லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. நேரில் பார்த்தால் கண்ணை எடுக்க மனம் வராது.

பாரிஸ் தச்சர்கள் செய்த காரியம்தான் எனக்குப் பொறுக்காது. 18ஆம் நூற்றாண்டில் இப்படி வந்த அலமாரிகளை அறுத்து, மேல்பூச்சை மெல்லிய தகடாகச் சீவி, வயிறு பிதுங்கிய தங்கள் மேசைகளின் மேல் ஒட்டினார்கள்.

இன்னொன்று: நாம் இந்தக் கறுப்புப் பூச்சை 'அரக்கு' என்கிறோம், ஆனால் அரக்கு பூச்சி தருவது. இது உருஷி மரத்தின் பால். மா, முந்திரி, சேங்கொட்டை எல்லாம் அதே குடும்பம். சேங்கொட்டைப் பால் பட்டால் எப்படிப் புண்ணாகுமோ, பச்சை உருஷியும் அப்படித்தான். காய்ந்துவிட்டால் ஒன்றும் செய்யாது. அது காயவும் வெயில் உதவாது, ஈரக்காற்று வேண்டும். ஒரு பூச்சு காய்ந்தபின் தேய்ப்பு, அதன்மேல் அடுத்த பூச்சு, மறுபடி தேய்ப்பு.

காய்ந்த பிறகும் வெயில் அதற்குப் பகைதான். நான் புத்தி இல்லாமல் ஜன்னலோரம் வைத்தேன். இரண்டு கோடையில் மூடியின் கறுப்பு காப்பித்தூள் நிறமாகிவிட்டது, அடிப்பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. உங்களுடையதை அலமாரிக்குள் வையுங்கள்.

அதற்கு முன் திருப்பி அடியைப் பாருங்கள். 'ஆக்கிரமிப்பிலுள்ள ஜப்பானில் செய்தது' என்று ஆங்கில முத்திரை இருந்தால் போருக்குப் பிந்தைய சரக்கு, 1952க்குள் செய்தது. முத்திரையோ கீலோ இருந்தால் படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.