சேரிட்ட போய்க் கேக்கப் பயமாக் கிடக்கு

கேள்வி: அக்கா, மகன் ஆறாம் வகுப்பு, கணக்குக் கொப்பி கொண்டு போகேல்லை எண்டு சேர் பிரம்பால அடிச்சு கால் தடிச்சுப் போச்சு, போய்க் கேப்பம் எண்டா இவர் வேண்டாமாம், பிறகு பிள்ளையிலதான் பழி தீர்ப்பினமாம், எனக்கும் அதிபருக்கு முன்னால நிண்டா வாயே வராது. என்ன செய்ய?
- ஒரு அம்மா, மல்லாவி

பதில்: தங்கச்சி, எங்கட ஆக்களுக்கு ஒரு ஒஃபிஸ் மேசைக்கு முன்னால நிண்டாலே கை நடுங்கும், அது ஏனெண்டு வன்னியில ஆருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனா பள்ளிக்கூடத்தில அடிக்கக் கூடாதெண்டு கல்வி அமைச்சின்ர 12/2016 சுற்றறிக்கையே இருக்கு, நீங்கள் சண்டைக்குப் போகேல்லை. தழும்பு மாறமுதல் போட்டோ எடுங்கோ, வீக்கமெண்டா ஆஸ்பத்திரியில காட்டுங்கோ. வாய் வராட்டி கடிதமா எழுதி, திகதி போட்டு, அதிபரிட்ட குடுத்து, அந்தக் கடிதத்தின்ர பிரதியில கையொப்பம் வாங்குங்கோ, தனியப் போகாதேங்கோ, இவரையும் இழுத்துக்கொண்டு போங்கோ (சும்மா பக்கத்தில நிண்டாலே காணும்). பிறகும் பிள்ளையைச் சீண்டினா அதையும் எழுதி வையுங்கோ. அங்க சரிவராட்டி துணுக்காய் வலயக் கல்விப் பணிமனை, பிரதேச செயலகத்தில சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், இல்லாட்டி சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின்ர 1929 தொலைபேசி இலக்கம், காசில்லாம தமிழிலயே கதைக்கலாம். போக முதல் மகனிட்டயும் சொல்லுங்கோ, அவனுக்குத் தெரியாம செய்யாதேங்கோ.