வழி பிரியும் இடத்தில் நின்று படியுங்கள்
இலக்கியம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போன பயணத்தைப் பற்றி ஐந்து பக்கம் எழுதிக் கொடுத்தேன். "இது கதைச்சுருக்கம், ஆய்வு இல்லை" என்று திரும்பி வந்துவிட்டது. எங்கே தவறினேன்?
– கல்லூரி மாணவி, குடியாத்தம்

பதில்: கட்டுரையைக் கையில் எடுத்து "பிறகு", "அதன்பின்", "அடுத்து" ஆகிய சொற்களுக்கு அடிக்கோடு போடுங்கள். பத்திக்குப் பத்தி அவை வந்திருந்தால் தவறு அங்கேதான். கதை நடந்த வரிசையிலேயே நீங்களும் நடந்திருக்கிறீர்கள். ஆய்வு என்றால் சில இடங்களில் நிற்க வேண்டும், சிலவற்றை ஒரே வரியில் தாண்ட வேண்டும்.

எங்கே நிற்பது என்பதற்கு ஒரு வழி உண்டு. நோட்டில் ஒரு பக்கத்தை நான்காகப் பிரியுங்கள். முதல் கட்டத்தில் இடம். இரண்டாவதில் அந்த இடத்தில் பாத்திரத்துக்கு முன் இருந்த வழிகள், வேண்டாம் என்று விட்டவையும் சேர்த்து. மூன்றாவதில் முடிவெடுத்தவர் பெயர். நான்காவதில் கவிஞர் அதற்குச் செலவிட்ட அடிகளின் எண்ணிக்கை. பலர் இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். கட்டுரைக்குச் சரக்கு முழுக்க அங்கேதான் கிடக்கிறது.

சிலப்பதிகாரத்தின் 30 காதைகளில் 11ஆவது காடுகாண் காதை. மதுரைக்கு வழி கேட்கும் கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் பதில் சொல்கிறான். கொடும்பாளூரைத் தாண்டினால் சிவன் கைச் சூலம் போலப் பாதை மூன்றாகப் பிரியும். வலப்பக்கம் போனால் சிறுமலை. இடப்பக்கம் திருமால்குன்றம், அங்கே புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி என்று மூன்று பொய்கைகள், மூழ்கினால் நினைத்தது கைகூடும் என்கிறான். நடுவழியில் ஒரு கானுறை தெய்வம் மயக்க வரும். அவர்களோடு வரும் சமணப் பெண் துறவி கவுந்தியடிகள், அந்தப் பொய்கைகள் எங்களுக்குத் தேவையில்லை என்று மறுத்துவிடுகிறார். நடுவழியே போகிறார்கள்.

இப்போது இரண்டு காதை பின்னால் போங்கள். கனாத்திறம் உரைத்த காதையில் தோழி தேவந்தி கண்ணகியிடம், சோமகுண்டம், சூரியகுண்டம் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் கணவனோடு சேரலாம், ஒருநாள் போய் நீராடுவோம் என்கிறாள். கண்ணகி சொல்லும் பதில் ஒரே சொல்: "பீடன்று", அது பெருமையல்ல என்று பொருள். அங்கே இரண்டு குளம், இங்கே மூன்று பொய்கை. இரண்டு இடத்திலும் குறுக்கு வழி கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, இரண்டு இடத்திலும் பெண் ஒருத்தி அதை மறுக்கிறாள். நடுவழியில் தாகம் எடுத்துக் கோவலன் தனியாக இறங்கும் இடமும் ஒரு பொய்கைதான். தெய்வம் மாதவியின் தோழி வசந்தமாலை உருவில் வந்து காலில் விழுவது அங்கேதான். கதைச்சுருக்கத்தில் இந்தத் தொடர்பு தெரியவே தெரியாது. கட்டம் போட்டால் நீர்நிலைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். உங்கள் கட்டுரையை அங்கிருந்து தொடங்குங்கள். ஐந்து பக்கம் வேண்டாம், இரண்டு போதும்.

கேள்வி: ஒரு பாத்திரம் எடுத்த முடிவு சரியா தவறா என்று தேர்வில் கேட்கிறார்கள். முடிவைச் சொல்லிவிட்டு அதன் விளைவை எழுதினால் போதாதா?
– பிளஸ் டூ மாணவர், ஆரணி

பதில்: போதாது. விளைவு வாசகருக்குத் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது. சிலம்பால் கோவலன் கொலையுண்டான், ஆகவே சிலம்பைக் கொடுத்தது தவறு என்று எழுதினால் கண்ணகிக்கு அநியாயம் செய்கிறீர்கள். அந்த நிமிடத்தில் அவளுக்கு என்ன தெரியும் என்று மட்டும் கேளுங்கள். குலம் தந்த செல்வமெல்லாம் தொலைத்தேன், நாணமாக இருக்கிறது என்கிறான் கணவன். அவள் முறுவலித்து "சிலம்புள கொண்ம்", சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். மதுரை என்ற பேச்சை அவள் எடுக்கவே இல்லை. சிலம்பை முதலாக வைத்து மதுரையில் பொருள் ஈட்டலாம், எழுந்து வா என்பவன் கோவலன். ஒரே உரையாடலில் இரண்டு முடிவுகள், இரண்டு பேர். இரண்டையும் பிரித்து எழுதினாலே விடை பாதி நேராகிவிடும்.

கேள்வி: எந்த நூலைக் கொடுத்தாலும் "எளிய, இனிய நடை" என்றுதான் எழுத வருகிறது. நடையை எப்படி விளக்குவது?
– தமிழாசிரியர், ஆம்பூர்

பதில்: அந்தத் தொடரை எந்த நூலுக்கும் ஒட்டலாம், அதனால்தான் எந்த நூலைப் பற்றியும் அது எதுவும் சொல்வதில்லை. மாணவர்களுக்கு மாற்றிப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். ஒரு சொல்லை எடுத்துவிட்டு அதே பொருள் தரும் வேறு சொல்லைப் போட வேண்டும். என்ன குறைகிறதோ அதுதான் நடை.

நாடுகாண் காதையில் கண்ணகி புகாரை விட்டு ஒரு காதம்தான் நடந்திருக்கிறாள். அதற்குள் மூச்சு வாங்குகிறது. "குறும்பல உயிர்த்து" என்கிறார் இளங்கோ. அந்த நிலையில், மதுரை மூதூர் எது என்று கேட்கிறாள். கோவலன் சிரித்தபடி "ஆறைங் காதம்", "நணித்து" என்கிறான். ஆறைந்து முப்பது. முப்பது காதம் என்று எழுதிப் பாருங்கள். கணக்கு மாறவில்லை, ஆனால் கோவலன் காணாமல் போகிறான். பெரிய எண்ணை அவள் காதில் விழாதபடி இரண்டு சின்ன எண்களாக உடைத்து, பக்கம்தான் என்றும் சேர்த்துச் சொல்லுகிற கணவன் அந்த ஒரு தொடரில்தான் இருக்கிறான். உரைநடைக்கும் இதே சோதனைதான். பத்து வாக்கியம் எடுத்து ஒவ்வொன்றிலும் எத்தனை சொல், வினைமுற்று எங்கே விழுகிறது, பேசுவது யார் என்று குறிக்கச் சொல்லுங்கள். பத்துக்குக் குறைந்தால் தற்செயலையும் பழக்கத்தையும் பிரிக்க முடியாது.

கேள்வி: மு.வ.வின் 'அகல் விளக்கு' எங்கள் ஊர்க் கதை. சந்திரன் கெட்டதற்கு யார் காரணம்?
– வாசகர், வாலாஜாப்பேட்டை

பதில்: 1961இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற அந்த நாவலை வேலய்யன் தன் வாயால் சொல்கிறான். சந்திரனை நாம் பார்ப்பதெல்லாம் நண்பனின் கண் வழியேதான். எனவே காரணம் தேடுமுன், இது சந்திரன் சொன்னதா, வேலய்யன் நினைத்ததா என்று பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள்.

கேள்வி: சிறுபாணாற்றுப்படையில் வேலூர் வருகிறதே, நம் ஊர்தானே?
– வாசகி, காட்பாடி

பதில்: இல்லை. அது அந்தப் பாட்டின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாட்டு வேலூர், திண்டிவனம் பக்கம். எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என்று அந்தப் பாட்டின் வழி போகிறது. ஊரை வரைபடத்தில் தேடுவதைவிடச் சோற்றைப் பாருங்கள். எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் புளி சேர்த்த சூடான சோறும் ஆமான் என்ற காட்டுப்பசுவின் இறைச்சியும், ஆமூரில் நண்டோடு வெண்சோறு. கடலோரத்திலிருந்து காடு வழியாக வயலுக்கு வந்துவிட்டோம் என்று இலை சொல்லிவிடுகிறது.

நம் பழைய வடாற்காட்டுப் பாட்டு வேண்டுமென்றால் 583 அடி கொண்ட மலைபடுகடாம் இருக்கிறது. பாட்டின் தலைவன் நன்னனின் செங்கண்மா இன்றைய செங்கம், சேயாறு செய்யாறு, நவிரம் பர்வதமலை. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, "கூத்தர்கள் சென்றார்கள், கண்டார்கள்" என்று இறந்த காலத்தில் எழுதுவது. கூத்தர் இன்னும் கிளம்பவே இல்லை. பரிசு பெற்றுத் திரும்பியவன் எதிர்ப்பட்டவர்களுக்கு வழி சொல்கிறான். பன்றிக்கு வைத்த கல் பொறிகள் பாதையில் இருக்கும், விடிந்தபின் போங்கள். கவண்கல் பறக்கும், மரத்தை மறைவாகக் கொண்டு போங்கள் என்று வினைகளெல்லாம் ஏவலாகவும் எதிர்காலமாகவும் வருகின்றன. எழுதி முடித்ததும் உங்கள் வினைமுற்றுகளை ஒருமுறை சரிபாருங்கள்.