இடப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம் ஓடும் ஸ்கேட்போர்டு

கேள்வி: பெங்களூரு அல்சூரில் குடியிருக்கிறோம். 11 வயது மகளுக்குப் பிறந்தநாளுக்கு ஸ்கேட்போர்டு வாங்கிக் கொடுத்தோம். மழையில் நனைந்து சக்கரங்கள் கறகறவென்று சத்தம் போட்டதால், என் வீட்டுக்காரர் மொத்தத்தையும் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். அன்றிலிருந்து மகள் இடப்பக்கம் சாய்ந்தால் பலகை வலப்பக்கம் போகிறது. இரண்டு சக்கரங்கள் சுற்றவே மாட்டேன் என்கின்றன. அபார்ட்மென்ட் வளாகத்தில் இன்டர்லாக் கல் பாவிய தரையில் சின்னக் கல் பட்டாலும் குப்புற விழுகிறாள். எதிர்வீட்டுப் பையன், "தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க ஆன்ட்டி" என்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். நீங்கள் சொன்னவற்றில் முதல் இரண்டும் காசு செலவில்லாமல் தீரக்கூடியவை.

பலகையைக் கவிழ்த்துப் போடுங்கள். சக்கரங்களைத் தாங்கும் இரண்டு உலோகத் தாங்கிகள் தெரியும். அவற்றை டிரக் என்பார்கள். லாரி என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு தடித்த போல்ட்டு சாய்வாக நிற்கும். அதுதான் கிங்பின். இரண்டு கிங்பின் நட்டுகளும் பலகையின் நடுப்பகுதியை நோக்கி, ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க வேண்டும். உங்கள் பலகையில் இரண்டும் முதுகைக் காட்டிக்கொண்டு வெளிப்பக்கம் பார்த்திருக்கும் என்று எழுதியே தருவேன். வீட்டுக்காரரைக் கடிந்துகொள்ளாதீர்கள். துளைகள் எந்தப் பக்கம் வைத்தாலும் பொருந்தும். நானே முதல் வருடம் இப்படி மாட்டிவிட்டு, பலகை வளைந்திருக்கிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவன்.

திருப்பி மாட்டினால் ஏன் திசை மாறுகிறது? பலகையோடு போல்ட்டு போட்டு இறுக்கியிருக்கும் அடித்தட்டு பேஸ்பிளேட். ஆக்சிலைச் சுமக்கும் துண்டு ஹேங்கர். ஹேங்கரின் கூர்முனை பேஸ்பிளேட்டில் உள்ள ஒரு சின்னக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும். அதன் வளையத்துக்குள் கிங்பின் நுழைந்திருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சாய்வான கோடு போட்டுப் பாருங்கள். ஹேங்கர் திரும்புவது அந்தக் கோட்டைச் சுற்றித்தான். கோடு சாய்ந்திருப்பதால், பலகை ஒரு பக்கம் சாயும்போது ஆக்சிலும் சேர்ந்து திரும்புகிறது. முன்னால் ஒரு சாய்வு, பின்னால் அதற்கு எதிர்ச் சாய்வு. ஆகவே முன் ஆக்சில் ஒரு திசையிலும் பின் ஆக்சில் எதிர்த் திசையிலும் திரும்பி, பலகை வளைவாக ஓடுகிறது. டிரக்கைத் திருப்பி மாட்டினால் சாய்வும் தலைகீழ், திசையும் தலைகீழ். சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்க, பலகையை நிமிர்த்தி வைத்து இடப்பக்க ஓரத்தைக் கையால் அழுத்துங்கள். இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கினால் சரி.

ஹேங்கருக்கு மேலும் கீழும் கிங்பின்னைச் சுற்றி இருக்கும் ரப்பர் போன்ற உருளைகள் புஷ். சாய்ந்த பலகையை மறுபடி நேராக்குவது இவைதான். பெரியவர்கள் எடைக்கென்று செய்த புஷ்ஷை 30 கிலோ பிள்ளையால் அமுக்க முடியாது. அதனால் திரும்பாத பலகையைத் திருப்பப் பார்த்து, உடம்பை வளைத்து விழுகிறார்கள். கிங்பின் நட்டைக் கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்திப் பாருங்கள். நட்டின் மேல் விளிம்புக்கு வெளியே போல்ட்டு மரை தெரியாத அளவுக்குத் தளர்ந்தும் பலகை திரும்பவில்லை என்றால், மென்மையான புஷ் வாங்கிப் போடுவதே வழி.

சுற்றாத சக்கரங்களில் வாஷர்களை எண்ணுங்கள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, ஆக மொத்தம் 8 மெல்லிய வாஷர்கள் இருக்க வேண்டும். கழற்றும்போது கட்டிலுக்கு அடியில் உருண்டு போவது இவைதான். வாஷர் இல்லாவிட்டால் நட்டு நேராக பேரிங்கின் மூடியில் உரசிப் பிரேக் போடும். எட்டும் இருந்தால் நட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருப்பார். சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் மயிரிழை ஆட்டம் இருக்கும்வரை தளர்த்துங்கள்.

இன்னொரு தொல்லை, ஸ்பேனர். ஸ்கேட்போர்டு நட்டுகள் அங்குல அளவு: கிங்பின்னுக்கு 9/16, ஆக்சிலுக்கு 1/2, பலகை போல்ட்டுகளுக்கு 3/8. வீட்டில் இருக்கும் மில்லிமீட்டர் செட்டில் 13 ஆக்சில் நட்டுக்கு ஒப்பேறும். 14 கிங்பின் நட்டுக்குள் நுழையாது, 15 வழுக்கி முனையை மழுக்கிவிடும். எஸ்.பி. ரோட்டில் அங்குல ஸ்பேனர் கேட்டு வாங்குங்கள்.

மழையில் நனைந்தவை பேரிங்குகள். சக்கரத்துக்கு 2 வீதம் 8. எண் 608: உள்துளை 8 மி.மீ., வெளிவட்டம் 22, தடிமன் 7. சில வருடங்களுக்கு முன் பிள்ளைகள் விரலில் வைத்துச் சுழற்றிய ஸ்பின்னரின் நடுவில் இருந்ததும் பெரும்பாலும் இதே பேரிங்தான். துரு ஏறிக் கறகறப்பதைக் கழுவிக் காப்பாற்றுவதைவிட மாற்றுவது மேல். ஸ்கேட் கடையில்தான் கிடைக்கும் என்றில்லை, ஜே.சி. ரோட்டுப் பக்கம் பேரிங் கடையில் "608 டூ ஆர்.எஸ்." என்று கேளுங்கள். இரு பக்கமும் ரப்பர் மூடி உள்ள வகை அது. நம் ஊர்ப் புழுதிக்கு ஏற்றது. கிரீஸ் கெட்டியாக இருப்பதால் முதல் சில நாள் மெதுவாக ஓடும், பயப்படாதீர்கள். பெட்டியில் "ஏபெக் 9" என்று போட்டிருந்தால் மயங்காதீர்கள். அது அளவுத் துல்லியத்துக்கான எண்; பலகையின் வேகத்துக்கோ ஆயுளுக்கோ அது உத்தரவாதம் இல்லை.

அடுத்தது கல்லில் இடறுவது. 1960களில் களிமண் கலவைச் சக்கரங்களோடு ஓட்டிய அமெரிக்கப் பிள்ளைகளும் இப்படித்தான் குப்புற விழுந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி யூரிதேன் சக்கரங்களை ஸ்கேட்போர்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் நிலைமை மாறியது. இன்று பெரும்பாலும் யூரிதேன்தான், ஆனால் கடினம் வேறுபடும். சக்கரத்தில் மி.மீ. என்பது குறுக்களவு, 'ஏ' போட்ட எண் கடினம்; எண் கூடினால் கடினமும் கூடும். 52 மி.மீ., 99ஏ என்று போட்டிருந்தால் அது வழவழப்பான கான்கிரீட்டில் வித்தை காட்டுவதற்கு. இன்டர்லாக் கல்லுக்கு 56 முதல் 60 மி.மீ., 78ஏ சுற்றிய மென்மையான சக்கரம் வேண்டும். இந்த ஒன்றுக்குத் தாராளமாகக் காசு செலவழிக்கலாம். பெரிய சக்கரம் போட்டால், சாயும்போது அது பலகையின் அடியில் உரசிச் சட்டென்று நின்றுவிடும் ஆபத்து உண்டு; எனவே டிரக்குக்கும் பலகைக்கும் நடுவே 3 மி.மீ. ரைசர் பேடும் அதற்கேற்ற நீள போல்ட்டும் சேர்த்து வாங்குங்கள்.

பலகையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நல்லது ஏழு அடுக்கு மேப்பிள் மரத்தில் செய்தது. ஓரத்தில் அடுக்குகள் வாய் பிளந்திருந்தால் தண்ணீர் குடித்துவிட்டது, மாற்றுங்கள். மேலே ஒட்டிய உப்புத்தாள் போன்ற கிரிப் டேப் செருப்பைப் பிடித்துக்கொள்வதற்கு. தேய்ந்து வழவழப்பானால் உரித்துவிட்டுப் புதிது ஒட்டலாம்.

ஒரே ஒரு விஷயத்தில் எதிர்வீட்டுப் பையன் சொன்னது சரியாகிவிடும்: பேஸ்பிளேட்டும் ஹேங்கரும் பிளாஸ்டிக்காக இருந்தால் அதன் மேல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். அது பொம்மை. உலோகமாக இருந்தால் மட்டும் மேலே சொன்ன செலவு.

மாட்டும்போது 8 போல்ட்டுகளில் ஒன்றை மட்டும் வேறு நிறத்தில் வாங்கி மூக்குப் பக்கம் போடச் சொல்லுங்கள். மூக்கும் வாலும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். மகள் ஏறி நிற்கும்போது எது முன்பக்கம் என்று அது காட்டிக்கொடுக்கும்.