பெற்றோர் பிரிந்த பிள்ளைகளுக்குக் குழு ஆலோசனை: உங்கள் கேள்விகள்

கேள்வி: மகனுக்கு 9 வயது. பள்ளியில் குழு கவுன்சிலிங்கில் சேர்க்கச் சொல்கிறார்கள். என்ன செய்வார்கள் மேடம்?

பதில்: தாராளமாகச் சேருங்கள். அமெரிக்காவின் ராச்செஸ்டர் பகுதிப் பள்ளிகளில் உளவியலாளர் ஜோஆன் பெட்ரோ-கேரல் 1982-ல் தொடங்கிய முறையைத்தான் நானும் பின்பற்றுகிறேன். ஏறக்குறைய ஒரே வயதில் ஐந்தாறு பிள்ளைகள், வாரம் ஒருமுறை கூடுவார்கள். சின்னவர்களுக்குக் கைப்பொம்மைகள் பேசும். "நான் அடம்பிடிச்சதாலதான் அப்பா போயிட்டார்" என்று உள்ளுக்குள் வைத்திருக்கும் பிள்ளை, பக்கத்தில் இருப்பவனும் அதையே சொல்லக் கேட்டால் லேசாகிவிடும். நாம் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் அது நடக்காது.

பிறகு, தன்னால் தீர்க்க முடிந்த பிரச்சினை எது, முடியாதது எது என்று பிரிக்கப் பழகுவார்கள். அம்மா அப்பாவைச் சேர்த்துவைப்பது பிள்ளையின் வேலை அல்ல. "பீஸ் பணத்தை நீங்களே அப்பாகிட்ட கேளுங்கம்மா" என்று சொல்வது அவனால் முடியும்.

ஒன்று மட்டும்: வீட்டுக்கு வந்ததும் "இன்னைக்கு என்ன பேசினே?" என்று கேட்காதீர்கள்.

கேள்வி: குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று நீங்கள் எழுதித் தருவீர்களா?

பதில்: மாட்டேன். வக்கீலிடம் கேளுங்கள்.

கேள்வி: வீட்டு விஷயத்தை ஊர்ப் பிள்ளைகள் முன் சொல்லவைப்பதா? நாளைக்கு வகுப்பில் கேலி செய்வார்கள்.

பதில்: யாரையும் சொல்லவைப்பதில்லை ஐயா. விருப்பமில்லையென்றால் "பாஸ்" என்று சொல்லலாம். இங்கே பேசியது வெளியே போகக்கூடாது என்பது முதல் நாளே பிள்ளைகள் சேர்ந்து போடும் விதி.

அதே ஐயா: பிள்ளைகள் விதியைக் காப்பாற்றுவார்களா? அடுத்த வீட்டு அடிதடிக் கதை கேட்டு என் பேத்தி பயந்தால்?

பதில்: நியாயமான பயம். அதனால்தான் சேர்க்கும் முன் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே பார்க்கிறோம். வன்முறையை நேரில் பார்த்த பிள்ளைக்கு முதலில் தனி ஆலோசனை. விதி மீறப்படலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். ஆனால் பேத்தி இப்போது இதை யாரிடம் பேசுகிறாள்? வீட்டில் பேசினால் நீங்கள் அழுவீர்கள் என்று வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகளையே நான் அதிகம் பார்க்கிறேன். ரகசியத்துக்கும் எல்லை உண்டு: பாலியல் கொடுமை தெரியவந்தால், 2012 போக்சோ சட்டப்படி நாங்கள் புகார் செய்தே ஆகவேண்டும்.

கேள்வி: பிரிந்துபோன கணவர் வீட்டில் என்ன நடக்கிறதென்று குழு வழியாகத் தெரிந்துகொள்ளலாமா?

பதில்: கூடாது. மேலே சொன்னதுதான்: பிள்ளையைத் துருவாதீர்கள். அவன் உளவாளி அல்ல.

கேள்வி: கஸ்டடி கேஸில்...

பதில்: மறுபடியும் சொல்கிறேன், வக்கீல்.

கேள்வி: இரண்டு வாரமாக மகள் அங்கே பேசவே இல்லை. நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் தூக்கம், சாப்பாடு குறைந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அடுத்த வாரக் கூட்டம்வரை காத்திருக்காதீர்கள். உடனே மனநல மருத்துவரிடம் போங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, இரவிலும் எடுப்பார்கள்.