கட்டி இல்லாதபோதும் மார்பக ஸ்கேன் எடுக்கணுமா?

குடியாத்தத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: வயது 34, கட்டி இல்லை, குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் இல்லை, மாஸ்டர் செக்கப்பில் மார்பக ஸ்கேனையும் சேர்க்கலாமா என்று.

வேண்டாம் என்பேன். மார்பக ஸ்கேன் என்பது அல்ட்ராசவுண்ட், ஒலி அலையில் இயங்குவது. கதிர்வீச்சு கிடையாது, கர்ப்பிணிக்கும் எடுக்கலாம். ஆனால் அதன் பலம், கையில் தட்டுப்பட்ட கட்டி நீர்க்கட்டியா, கெட்டியானதா என்று பிரித்துச் சொல்வதில்தான். 30 வயதுக்குள் கட்டி தென்பட்டால் முதலில் எடுப்பது இதைத்தான். தொடக்கநிலைப் புற்றுநோய் சிலவற்றில் பொடிப்பொடியாகப் படியும் சுண்ணாம்புத் துகள்களை இது பெரும்பாலும் தவறவிடும். அதைக் காட்டுவது மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே. அடர்த்தியான மார்பகத்தில் மேமோகிராமும் திணறும் (ரவையில் அரிசிக்குருணை தேடுவதுபோல), அங்கே ஸ்கேன் துணைக்கு வரும். துணைக்குத்தான். 40 தாண்டியவர்கள் ‘வலிக்காதாமே’ என்று மேமோகிராமுக்குப் பதில் ஸ்கேன் எடுப்பது சரியல்ல.

தேவையில்லாமல் எடுத்தால் தீங்கற்ற கட்டி ஏதாவது தெரியும். பிறகு ஊசி போட்டுச் சதை எடுப்பது, ரிசல்ட் வரும்வரை தூக்கமின்மை.

30 தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கையால் பரிசோதிக்கிறார்கள், அது போதும். கட்டி, காம்பில் ரத்தக்கசிவு, தோலில் குழி தெரிந்தால் பேக்கேஜ் தேடாமல் நேரே வேலூரில் உள்ள அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ சி.எம்.சி. மருத்துவமனைக்கோ போங்கள்.