மகள் சல்ஃபைடு ஆராய்ச்சிக்குப் போகலாமா?

வணக்கம் ஐயா. எம்.எஸ்சி. வேதியியல் முடித்த மகள் உலோக சல்ஃபைடு (உலோகமும் கந்தகமும் சேர்ந்த சேர்மம்) தயாரிப்பில் பிஎச்.டி. சேர நினைக்கிறார், "குடுவையில் மஞ்சள் பொடி செய்ய அஞ்சு வருஷமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

நீங்கள் சொல்லும் மஞ்சள் நிறப் பொடி, அதாவது காட்மியம் சல்ஃபைடு, ஒரு நொடியில் வந்துவிடும். காட்மியம் உப்புக் கரைசலில் சோடியம் சல்ஃபைடை ஊற்றினால் போதும். அதை நிதானமாக வரவைப்பதுதான் கஷ்டம். அம்மோனியா சேர்த்தால் அது காட்மியம் அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கந்தகத்தைத் தருவதற்குத் தயோயூரியா என்ற சேர்மம், காரக் கரைசலில் சூடாக்கும்போது அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சிதையும். அப்போதுதான் கண்ணாடித் தகட்டில் சில பத்து நானோமீட்டர் தடிமனுக்குச் சீரான படலம் படியும். மெல்லிய படல சோலார் செல்களில் இதற்கு இடமுண்டு. துகள்களை நானோ அளவிலேயே நிறுத்தினால் குவாண்டம் புள்ளிகள், அதாவது அளவைப் பொறுத்து நிறம் மாறும் நுண்துகள்கள். 2023 வேதியியல் நோபல் அதற்குத்தான் கிடைத்தது. பரிசு பெற்ற மூவரில் ஒருவரான லூயிஸ் புரூஸ் கரைசலில் ஆராய்ந்ததும் இதே காட்மியம் சல்ஃபைடுதான்.

சரி, வேலைக்கு வருவோம். சல்ஃபைடு செய்யத் தெரியும் என்பதற்காக மட்டும் யாரும் வேலை தரமாட்டார்கள். எக்ஸ்-ரே டிஃப்ராக்‌ஷன் (படிக அமைப்பைக் காட்டுவது), எலக்ட்ரான் நுண்ணோக்கி போன்ற கருவிகளைத் தானே இயக்கி, வந்த தரவைத் தானே படிக்கத் தெரிந்தவருக்கு பேட்டரி, சோலார், வினையூக்கி என்று பல பக்கம் வழி உண்டு. அதனால் வழிகாட்டியின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். அங்கே இப்போது படிக்கும் மாணவர்களிடம் மகள் தனியாகப் பேசட்டும்: கருவிகளில் கைவைக்க விடுகிறார்களா, இல்லை மாதிரியை வெளியே அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்களா? நச்சு வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் புகைப்போக்கி அறை (fume hood) ஒழுங்காக ஓடுகிறதா? காட்மியம் நச்சு, சல்ஃபைடில் அமிலம் பட்டால் கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அதைவிட அவசர ஆபத்து. கழிவைக் கை கழுவும் தொட்டியில் கொட்டுகிற ஆய்வகம் என்றால், எவ்வளவு பெரிய பேராசிரியராக இருந்தாலும் வேண்டாம்.

பண விஷயத்தில் நான் கறார். சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் முதல் 2 வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. உதவித்தொகை இல்லாமல் கைக்காசில் சேருவதை நான் ஆதரிக்க மாட்டேன். முதல் முறை கிடைக்காவிட்டால் காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) போன்ற இடங்களில் திட்டப் பணியாளராகச் சேர முயலலாம். சம்பளத்தோடு ஆய்வக வாழ்க்கை ஒத்துவருமா என்பதும் தெரிந்துவிடும்.

கடிதத்தில் கல்யாணப் பேச்சும் லேசாக எட்டிப் பார்க்கிறது. அதை மகளிடமே நேராகக் கேட்டுவிடுங்கள், என் வழியாக வேண்டாம். நெட் விண்ணப்பத்தை மட்டும் அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.